மரக்கறி அறையில் வேலூர்க் கலகம்

வேலூர்க் கலகத்திற்கான காரணங்களை விளக்குக. எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போன யாரும் இந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. கோட்டை அகழிக்கு எதிரே பேருந்துக்குக் காத்துக்கொண்டே நான் மனப்பாடம் செய்த விடை இன்றைக்கும் வாயில் நிற்கிறது: தொப்பி போன்ற புதுத் தலைப்பாகை, அதில் வைத்த தோல் குஞ்சம், நெற்றிக் குறிக்கும் காதணிக்கும் தடை, தாடியை மழிக்கச் சொன்ன உத்தரவு, சொற்பச் சம்பளம், கோட்டைக்குள்ளேயே காவலில் இருந்த மைசூர்ச் சுல்தானின் பிள்ளைகள். வரிசை மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண். பிறகு வரலாற்றிலேயே மேற்படிப்புப் படித்து, ஒரு பள்ளியில் ஆசிரியையாகி, அதே கேள்வியை நானே கேட்டுத் திருத்தவும் செய்தேன்.

கணவரின் கணினி வேலைக்குப் பின்னால் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் படிப்பை வைத்து ஊறுகாய் போடக்கூட வழியில்லை. பட்டத்தை அங்கீகரிக்கச் சொல்லி விண்ணப்பித்து விண்ணப்பித்து அலுத்துப்போய், கடைசியில் பீலெஃபெல்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையற்கட்டில் காய்கறி வெட்டப் போனேன். வெட்கப்பட்டேன் என்று சொன்னால் பொய். வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதைவிட முட்டைக்கோஸைப் பார்ப்பது மேல் என்றுதான் தோன்றியது.

சமையற்கட்டை ஒட்டி ஒரு சின்ன அறை. நடுவில் எஃகு மேசை, கொல்லைப்புற முற்றத்தைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். அதற்கு எங்களுக்குள் மரக்கறி அறை என்று பெயர். எங்களுக்கு என்றால் மூன்று பேருக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து அந்தக் காலத்தில் அகதியாக வந்து, அதே மேசையில் தலை நரைத்துப்போன அக்கா ஒருவர். அதே யாழ்ப்பாணப் பக்கத்து நெல்லியடி ஊர்க்காரி ஒருத்தி, அவள் வாய்க்குப் பூட்டுக் கிடையாது, ஊரில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அவளுக்குத் தகவல் வந்துவிடும். மூன்றாவது நான்.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. உருளைக்கிழங்கு சீவும் இயந்திரத்தின் இரைச்சலில் வானொலி கேட்காது. அதனால் காலையில் யாராவது ஒருவர் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஊர்க்கதை, பார்த்த படம், மருமகளைப் பற்றிய குறை, எதுவானாலும் சரி. கதை சொல்கிறவருக்கு அன்றைக்கு வெங்காயம் கிடையாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கதை சொன்னால் யார் கேட்பது? வெங்காயம் மற்ற இருவருக்கும் போய்விடும். அக்கா ஒருநாளும் கதை சொன்னதில்லை. யார் சொன்னாலும் வெங்காயக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

வெங்காயத்துக்குப் பயந்துதான் நான் வேலூர்க் கலகத்தை எடுத்தேன். வேறு கதை எனக்கு என்ன தெரியும்?

முதல் நாள் தலைப்பாகை வரைக்கும் வந்தேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைச் சிப்பாய்கள் எல்லாரும் ஒரே மாதிரி மிடுக்காகத் தெரிய வேண்டுமென்று மேலிடத்துக்கு ஓர் ஆசை வந்தது, அதற்காகப் புதிதாக ஒரு தலைப்பாகை தைத்தார்கள், அதன்மேல் தோலில் ஒரு குஞ்சம் வைத்தார்கள், பார்க்க அது வெள்ளைக்காரன் தொப்பி மாதிரியே இருந்தது என்று சொன்னேன்.

"ஒரு தொப்பிக்கே இவ்வளவு சண்டை?" என்றாள் நெல்லியடிக்காரி. "போடச் சொன்னால் போட்டிட்டுப் போறதுதானே. நாங்கள் இஞ்ச வலைத்தொப்பி போடேல்லையே?"

"அது வெறும் தொப்பி இல்லைங்க," என்றேன். "அந்தக் காலத்துல தொப்பிக்காரன்னாலே வெள்ளைக்காரன்தான். அதைப் போட்டா நம்மையும் அவங்க மதத்துல சேத்துட்டாங்கன்னு ஊர் நினைக்கும். வீட்டுப் பொம்பளைங்க சோறு போட மாட்டாங்களோன்னு பயந்தாங்களாம். அந்தத் தோல் மாட்டுத் தோல்னு சில பேர், பன்னித் தோல்னு சில பேர். இந்து, முஸ்லிம், ரெண்டு பக்கமும் கொதிச்சுப்போச்சு."

அக்கா வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். "பிள்ளை, அதைப் போடச் சொன்னவனுக்கு அது தோல் எண்டு தெரியுமோ?"

எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"தெரிஞ்சிருக்கும்க்கா. ஆனா அவங்களுக்கு அது வெறும் தோல்."

"ம்," என்றார் அக்கா. அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

அக்காவின் கழுத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்துத் தாலிக்கொடி எங்கள் ஊர்ச் சங்கிலி மாதிரி இல்லை, கனமான பொன். இங்கே பெரும்பாலான வீடுகளில் அது வங்கிப் பெட்டகத்தில் இருக்கும், கல்யாணம் கோயில் என்றால் மட்டும் வெளியே வரும். அக்காவுடையதும் பல வருடம் அப்படித்தான் இருந்தது. சென்ற குளிர்காலத்தில் அவருடைய கணவருக்கு, நாங்கள் அண்ணை என்று கூப்பிடும் அந்த மெல்லிய மனிதருக்கு, நெஞ்சைத் திறந்து இருதயத்தில் அறுவை செய்தார்கள். அவர் உள்ளே படுத்திருக்க, அக்கா வங்கிக்குப் போய்ப் பெட்டகத்தைத் திறக்க டெர்மின், அதாவது முன்கூட்டியே குறித்துத் தரும் நேரம், கேட்டார். அடுத்த வாரம் வா என்றார்கள். கவுண்டரிலேயே நின்று அழுதிருக்கிறார். பிறகு திறந்துவிட்டார்களாம்.

"தாலி போடுறதுக்கு டெர்மின் எடுத்த ஒரே பொம்பிளை நான்தான்," என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் அன்றைக்குப் போட்ட கொடியை அவர் அதன்பிறகு கழற்றவே இல்லை. அண்ணை பிழைத்து வீட்டுக்கு வந்தார். வேலைக்குப் போக முடியாது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், ஆனால் இருந்தார். தாலியைக் கழுத்தில் போட்டதும் அவர் கண் திறந்ததும் அக்காவின் மனத்தில் ஒரே முடிச்சாகிவிட்டன. வேலையில் சட்டைக்குள்ளே விட்டு ஊசி குத்தி வைத்திருப்பார். பழைய மேலாளருக்குத் தெரியும். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. என் தாலி அலமாரியில் கிடக்கிறது, என் கணவர் சோபாவில் கிடக்கிறார், இருவருக்கும் ஒரு குறையுமில்லை. ஆனால் அக்காவுக்கு நம்பிக்கை இருந்தது. எனக்கு அக்காவை மிகவும் பிடிக்கும். அதனால் அந்தக் கொடியும் எனக்கு வேண்டியதாகிவிட்டது.

பழைய மேலாளர் ஓய்வு பெற்றுப் போய், வேறு ஊரிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். ஷெஃபின், அதாவது எங்கள் முதலாளியம்மா. அந்த இடத்துக்கு இல்லாவிட்டாலும் காய்கறிப் பகுதியின் பொறுப்பாவது இந்த முறை அக்காவுக்கு வரும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அதற்கும் ஆளை வெளியிலிருந்தே எடுக்கப்போவதாகப் பேச்சு வந்தது. அன்றைக்கு அக்கா வெட்டிய கேரட் மட்டும் வழக்கத்தைவிடத் தடிமனாக இருந்தது.

நான் கதையில் சம்பளத்துக்கு வந்திருந்தேன். எத்தனை வருடம் உழைத்தாலும் ஒரு சுதேசிச் சிப்பாய் ஓர் எல்லைக்குமேல் உயர முடியாது, நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரப் பையனுக்கு நரைத்த தலை வணக்கம் வைக்க வேண்டும் என்று சொன்னேன்.

"உதைத்தான் முதல் காரணமாச் சொல்லியிருக்க வேணும்," என்றாள் நெல்லியடிக்காரி. "தொப்பியைக் கொண்டுபோய் முதல்ல வச்சிருக்கிறீர்."

"பாடப் புத்தகத்துல அப்படித்தாங்க இருக்கு."

"அப்ப புத்தகம் பிழை."

மறுநாள் உடை மாற்றும் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மோதிரம், காப்பு, தோடு, நகப்பூச்சு எல்லாம் படமாக வரைந்து சிவப்புக் கோட்டால் அடித்திருந்தார்கள். நடுவில் ஒரு சங்கிலி, அதன் நுனியில் இரண்டு முனை வைத்த ஒரு பதக்கம். கீழே திங்கட்கிழமை முதல் கட்டாயம் என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

நெல்லியடிக்காரி அந்தப் படத்துக்கு முன்னால் நின்று கையைத் தட்டினாள். "அக்கா, வந்து பாருங்கோ. தாலியையெல்லோ கீறி வச்சிருக்கிறாள்! வெள்ளைக்காரியள் ஆர் உப்பிடிச் சங்கிலி போடுறது?"

நானும் பார்த்தேன். கணினியில் கிடைத்த ஏதோ ஒரு படம். ஆனால் அவள் சொன்ன பிறகு எனக்கும் அது தாலியாகத்தான் தெரிந்தது. உண்மையில், கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தும் அது வேறொன்றாக மாறவில்லை.

மத்தியானத்துக்குள் செய்தி கைப்பேசி வழியாக பீலெஃபெல்டைச் சுற்றி வந்துவிட்டது. முதலில் தாலிக்குத் தடை என்று போனது. அப்புறம் பொட்டுக்கும் தடை. சாயந்தரம் என் கணவர் தன் அலுவலகத்தில் கேள்விப்பட்டதாகச் சொன்னார்: "உங்க கிச்சன்ல தமிழ் லேடீஸ் எல்லாரையும் வேலைய விட்டு எடுக்கறாங்களாமே?" எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. வேலூர்க் கடைத்தெருவில் அந்தத் தலைப்பாகை எப்படிப் பெருத்திருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. தோல் பாதி, வதந்தி பாதி. உத்தரவு போட்டவர்கள் ஏன் என்று சொல்லாமல் விட்ட இடத்தையெல்லாம் ஊர் தானே நிரப்பிக்கொண்டது.

நேரே ஷெஃபினிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் எனக்குத் தெரிந்த வரலாறு கையைப் பிடித்து இழுத்தது. வேலூரில் சிப்பாய் ஒருவர் கலகத்துக்கு முன்பே போய் மேலதிகாரியிடம் இப்படி நடக்கப்போகிறது என்று சொன்னார். பைத்தியம் என்று சொல்லி அவரை அடைத்து வைத்தார்கள். என் ஜெர்மன் மொழிக்கு அது இன்னும் சுலபமாக நடந்துவிடும்.

திங்கட்கிழமைவரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை, ஒரு கனத்த பூசணிக்காயைத் தூக்கக் குனிந்தபோது அக்காவின் ஊசி கழன்று கொடி வெளியே வந்து மேசைமேல் தொங்கியது. சரியாக அந்த நேரத்தில் ஷெஃபின் கதவில் நின்றாள்.

"சாப்பாட்டுக்கு மேலேயே தொங்குகிறது, அது இன்றைக்கே கழற்றப்பட வேண்டும்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. மரியாதையாகத்தான் சொன்னாள்; ஆனால் எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னாள். கழற்றாவிட்டால் வீட்டுக்குப் போகலாம், அடுத்த முறை எழுத்தில் எச்சரிக்கை வரும் என்றும் சொன்னாள்.

அக்கா கொடியை ஒரு கையால் பொத்திக்கொண்டார். அத்தனை வருடத்தில் ஜெர்மன்காரர்களிடம் அவர் தமிழ் பேசி நான் பார்த்ததில்லை.

"ஏலாது," என்றார்.

ஒரு சொல். ஷெஃபினுக்குப் புரியவில்லை, ஆனால் புரிந்துவிட்டது. அந்த வேலைதான் அக்காவின் வீட்டை நடத்தியது. அக்காவுக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் சில வருடம் இருந்தது. இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? அதெல்லாம் தெரிந்துதான் ஏலாது என்றார். தாலி கழன்றால் அண்ணை போய்விடுவார். அந்த ஒரு கணக்குக்கு முன்னால் மற்ற எதுவும் அவருக்கு நிற்கவில்லை.

நெல்லியடிக்காரி அக்காவின் பக்கத்தில் போய் நின்றாள். நானும் நின்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு அது நெற்றிவரை வந்திருந்தது. ஷெஃபின் ஓரடி பின்னால் வைத்தாள். எதற்குப் பயப்படுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். நெல்லியடிக்காரியின் கையில் பூசணிக்காய் வெட்டும் கத்தி. என் கையைப் பார்த்தேன். என் கையிலும் கத்தி.

கலகங்கள் இப்படித்தான் தொடங்குகின்றன என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. யாரும் கத்தியை எடுப்பதில்லை. அது ஏற்கெனவே கையில் இருக்கிறது.

"கத்திய கீழ வைங்க," என்று நெல்லியடிக்காரியிடம் சொல்லிவிட்டு முதலில் என்னுடையதை வைத்தேன். அவளும் தன் கையை அப்போதுதான் பார்த்தாள். "ஐயோ," என்று சொல்லி மேசையில் போட்டாள். பிறகு நான் ஷெஃபினிடம் எனக்குத் தெரிந்த ஜெர்மனில், வேற்றுமை உருபெல்லாம் உருண்டு ஓட, சொன்னேன். இது நகை இல்லை. கணவர் கட்டியது. அவருக்கு இருதயத்தில் அறுவை நடந்திருக்கிறது. இதைக் கழற்றினால் அவர் இறந்துவிடுவார் என்று இவர் நினைக்கிறார். நீங்கள் நினைக்க வேண்டாம், நானும் நினைக்கவில்லை, ஆனால் இவர் நினைக்கிறார்.

ஷெஃபின் அங்கிருந்த காலிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்ததும் சின்னப் பெண்ணாகிவிட்டாள். போன வேலையில், வேறொரு இல்லத்தில், யாருடைய தோட்டின் பின்பக்கத் திருகோ கஞ்சியில் விழுந்து, ஒரு பாட்டியின் தொண்டையில் சிக்கிவிட்டதாம். அந்தம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கஞ்சியை ஊட்டிவிட்டது தான்தான் என்றாள். நீலம் பாய்ந்த அந்த முகம் இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது என்றாள். சொல்லும்போது அவள் கையும் தொண்டையைப் பொத்திக்கொண்டது, அக்கா கொடியைப் பொத்தின மாதிரியே.

நான் மொழிபெயர்த்தேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பாவம், பிள்ளை," என்றார். என்னைச் சொல்கிறாரா ஷெஃபினைச் சொல்கிறாரா என்று தெரியவில்லை.

"இதை அந்தத் தாளிலேயே எழுதியிருக்கலாமே," என்று ஷெஃபினிடம் கேட்டேன்.

"எழுதினால் அழுகை வரும்," என்றாள். "நீங்களாவது வந்து கேட்டிருக்கலாமே."

நான் இரண்டு கத்திகளையும் எடுத்துத் தொட்டியில் போட்டேன்.

ஆனால் விதி விதிதான். ஒருவருக்கு விட்டுக்கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, திங்கட்கிழமைவரை யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது அக்காவின் தோளைத் தொட்டாள். அக்கா வெங்காயத்தை வெட்டி முடித்தார், கத்தியைக் கழுவினார், ட்ராமுக்குப் போனார். மிச்சக் கதையைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். வேலூர்க் கலகத்தின் முடிவு அன்றைக்குச் சொல்லக்கூடிய முடிவு இல்லை.

சனி, ஞாயிறு எனக்கு எதுவும் ஓடவில்லை. திங்கட்கிழமை அக்கா வருவாரா, மாட்டாரா? வந்தால் அந்தக் கழுத்தை எப்படிப் பார்ப்பது? வராவிட்டால் அந்தக் கூடையை எப்படிப் பார்ப்பது? சாம்பாரில் உப்புப் போட மறந்தேன், கணவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அவருக்கும் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை நான் போகும்போது அக்கா எனக்கு முன்னாலேயே மேசையில் இருந்தார். கழுத்து வெறுமையாக இருந்தது. கொடி கிடந்த இடத்தில் தோல் மட்டும் கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தது. பின்னாலேயே வந்த நெல்லியடிக்காரியும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அக்கா வெங்காயக் கூடையைத் தூக்கி என் முன்னால் வைத்தார்.

"இண்டைக்கு நான் சொல்லுறன்," என்றார்.

அத்தனை வருடத்தில் முதல் தடவை. நாங்கள் இருவரும் கத்தியை எடுத்தோம்.

"நான் அவருக்கு ஒண்டும் சொல்லேல்லை. சொன்னால் நெஞ்சுக்குக் கூடாது எண்டு பேசாமல் இருந்தன். இந்தக் குழப்படிக்காரி அவருக்குப் போன் எடுத்து எல்லாத்தையும் கொட்டிப்போட்டாள்." நெல்லியடிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். "இண்டைக்குக் காலமை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கேக்க கேட்டார், ஏனப்பா நித்திரை கொள்ளேல்லை எண்டு. நான் ஒண்டுமில்லை எண்டன். இஞ்ச வா, திரும்பு எண்டார். திரும்பினன். பின்னுக்கு நிண்டு பூட்டைத் திறக்கிறார்! வேண்டாம் வேண்டாம் எண்டு அழுறன். சும்மா நில்லு, நான் கட்டினது, நான் கழட்டினால் ஒண்டும் வராது எண்டு சொல்லிச் சொல்லிக் கழட்டினார்."

அக்கா பீன்ஸ் ஒன்றை எடுத்து நுனியைக் கிள்ளினார்.

"கழட்டிப்போட்டு என்ன செய்தவர் தெரியுமோ? தன்ர கழுத்தில போட்டார்."

நெல்லியடிக்காரி கத்தியைக் கீழே வைத்தாள். "அண்ணையோ?"

"ஓம். சேட்டுத் தெறியைக் கழட்டி உள்ளுக்கு விட்டார். அந்தத் தைச்ச தழும்புக்கு மேலயே அது கிடக்குது. உது என்ர உயிரைக் காக்குதெண்டு நீ நம்பினால் என்ர நெஞ்சிலயே கிடக்கட்டுமன், வேலையால வந்தவுடன திருப்பிக் கட்டிவிடுறன் எண்டார். பிறகு சிரிக்கிறார். முதல் தரம் கட்டேக்க ஐயர் அவசரப்படுத்திப்போட்டாராம், கை நடுங்கிப் பூட்டுச் சரியா விழேல்லையாம். இனித் தினமும் கட்டிப் பழகலாம் எண்டார்."

நான் வெங்காயத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். நல்ல வேளை, வெங்காயம். கண்ணீர் கன்னத்தில் வழிய வழிய, யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நெல்லியடிக்காரிக்கு அந்த வசதியும் இல்லை. அவள் பீன்ஸை வைத்துக்கொண்டே அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா என்னைப் பார்த்தார். "பிள்ளை, உன்ர சிப்பாய்மாருக்குப் பிறகு என்ன நடந்தது? தொப்பி போட்டவையோ?"

வெங்காயத்தோடு கதை சொல்லக்கூடாது என்பது வழக்கம். அன்றைக்கு அதை மீறினேன். மாட்டோம் என்று முதலில் மறுத்தவர்களுக்குக் கசையடி கொடுத்தார்கள் என்று சொன்னேன். 1806 ஜூலையில் ஒருநாள், விடிவதற்குள் சிப்பாய்கள் எழுந்து, தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைச் சுட்டுக் கோட்டையைப் பிடித்தார்கள். பக்கத்து ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படை வந்தது. அன்றைய பொழுதுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தக் கோட்டைக்குள், நான் பள்ளிச் சுற்றுலாவில் புளிச்சோறு சாப்பிட்ட அதே புல்தரையைச் சுற்றி, நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்று போட்டார்கள்.

"தலைப்பாகை?"

"அந்த உத்தரவைத் திரும்ப வாங்கிட்டாங்கக்கா. இனிமே போட வேணாம்னு சொல்லிட்டாங்க."

அக்காவின் கை நின்றுவிட்டது. "எல்லாரும் செத்தாப் பிறகோ?"

"ஆமாக்கா."

"முதலே எடுத்திருக்கலாமே," என்றார். தனக்குத் தெரிந்த வீட்டில் நடந்ததைக் கேட்டவர் மாதிரி அவர் கண் நிறைந்தது. "அவையளுக்கும் வீட்டில ஆக்கள் இருந்திருக்குமே, பிள்ளை. ரெண்டு பக்கத்திலயும்."

முழு மதிப்பெண் போடும் விடைகளில் இந்த வரி இருந்ததில்லை. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மிச்ச வெங்காயத்தை வெட்டினேன்.

வேலை முடிகிற நேரம். நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன், ஷெஃபின் மறுநாள் காய்கறிக்குக் கணக்குப் பார்க்க வந்திருந்தாள். கதவிலிருந்த தாளை அவளே எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தாள். அதில் படம் இல்லை, அந்தப் பாட்டிக்கு நடந்ததை நாலு வரியில் எழுதியிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் அண்ணை நின்றார். வீட்டிலேயே இருக்கச் சொல்லியும் ட்ராம் ஏறி வந்திருக்கிறார். கனத்த மேலங்கி, தலையில் கம்பளித் தொப்பி, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு.

அக்கா ஓட்டமும் நடையுமாகப் போனார். ஏதோ திட்டினார், சத்தம் கேட்கவில்லை. அண்ணை மேலங்கியின் பொத்தானைக் கழற்றி, சட்டைக்குள் கையை விட்டுக் கொடியை எடுத்தார். குனிந்து பின்கழுத்தில் பூட்டைத் திறக்கும்போது கம்பளித் தொப்பி கீழே விழுந்தது. அக்கா திரும்பி நின்று தலையைக் குனிந்தார். குப்பைத் தொட்டிகளுக்கும் பால் வண்டிக்கும் நடுவில் அவர் பின்னால் நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பூட்டைப் போட முயன்றார். குளிரில் விரல் விறைத்திருக்க வேண்டும். மறுபடியும் முயன்றார். அக்கா அசையாமல் நின்றார்.

ஷெஃபின் என் பக்கத்தில் வந்து ஜன்னல் வழியே பார்த்தாள். "அவர் என்ன செய்கிறார்?" என்று கேட்டாள்.

"கல்யாணம்," என்றேன்.

பூட்டு விழுந்தது. அண்ணை குனிந்து தன் தொப்பியை எடுத்துத் தட்டி, தலையில் போட்டுக்கொண்டார்.

"தினமும் நடக்குமா?"

"தினமும்," என்றேன்.

மறுநாள் முற்றத்தில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் காற்றுப் படாத ஓர் இடத்தில், யாரோ ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள்.